கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சில மில்லி செகண்ட்: ஸ்கிசோஃப்ரீனியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பத்தினர் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் டாக்டர்களை நச்சரித்துக் கேட்ட கேள்விகளும் இங்கே கலந்திருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. முருகேஷ்பாளையாவில் குடியிருக்கிறேன், விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் டப்பிங் ஒலியைச் சரிசெய்வது என் தொழில். என் அக்காவுக்குப் பல வருஷமாக ஸ்கிசோஃப்ரீனியா. உதடு அசைவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே விழும் இடைவெளியைத் தேடிப் பிடித்துத் திருத்துவதுதான் என் பிழைப்பு. இதே இடைவெளியை வைத்து இந்த நோயை ஆராய்கிறார்கள் என்று தெரிந்ததும் விட மனசு வரவில்லை, தேடித் தேடிப் படித்தேன்.

ஸ்கிசோஃப்ரீனியா என்பது ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறும் நோய்தானே?

இல்லை. அது சினிமா பரப்பிய கதை. ஸ்கிசோஃப்ரீனியாவில் நடப்பது வேறு: யாரும் பேசாதபோது குரல் கேட்பது, தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று எவ்வளவு சொன்னாலும் அசையாத நம்பிக்கை, பேச்சில் தொடர்பு அறுந்துபோவது, குளிப்பது சாப்பிடுவதில்கூட ஆர்வம் வற்றிப்போவது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

குரலும் சந்தேகமும்தான் வெளியே தெரிபவை. அதற்கு அடியில், கண்ணிலும் காதிலும் விழுவதை மூளை கோத்துக்கொள்ளும் விதத்திலேயே சிறிய மாறுதல்கள் இருக்கின்றன. இங்கே பேசப்போவது அதைத்தான்.

புலன்களுக்கு நேரம் என்ன நேரம்? பார்ப்பதும் கேட்பதும் ஒரே சமயத்தில்தானே நடக்கின்றன?

அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். அப்படித் தோன்ற வைப்பதற்கு மூளை நிறைய வேலை செய்கிறது.

சின்னசாமி ஸ்டேடியத்தில் மட்டையிலிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மட்டையில் பந்து படுவது கண்ணுக்கு உடனே வந்துவிடும். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும், அதனால் ‘டொக்’ வந்து சேர 200 மில்லி செகண்ட் ஆகும். அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இது வெளியே நடக்கும் தாமதம். உடம்புக்குள் கதை தலைகீழ். காதுக்குள் இருக்கும் செல்கள் சத்தத்தை நரம்புச் சமிக்ஞையாக மாற்ற ஒரு மில்லி செகண்ட் அளவுதான் எடுக்கும். விழித்திரை அதே வேலைக்குப் பல பத்து மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். ஆக, வீட்டுக்குள் எதிரே நின்று ஒருவர் கை தட்டினால் மூளைக்கு முதலில் போய்ச் சேர்வது சத்தம்தான்.

இப்படி முன்னும் பின்னுமாக வருவதை, ‘இவை இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்தவை’ என்று மூளை சேர்த்துக்கொள்கிறது. கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் பிரித்துவிடும். அந்தப் பொறுத்துக்கொள்ளும் அளவை ஆராய்ச்சியாளர்கள் இணைப்பு ஜன்னல் என்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு எண்ணே உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி செகண்ட் முந்தினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லி செகண்ட் வரை தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் சத்தம் பிந்தித்தான் வரும், முந்தி வராது. மூளைக்கு அது பழக்கம். ஓர் இந்திப் பெண்ணின் உதட்டில் தமிழ் வசனத்தைப் பொருத்தும்போது, ஒலியை ஒரு ஃப்ரேம், அதாவது 40 மில்லி செகண்ட் பின்னால் தள்ளி வைத்தால் யாரும் கேட்பதில்லை. இரண்டு ஃப்ரேம் முன்னால் போய்விட்டால் கிளையன்ட்டிடமிருந்து போன் வந்துவிடும்.

சரி, ஸ்கிசோஃப்ரீனியாவில் அந்த ஜன்னலுக்கு என்ன ஆகிறது?

சராசரியாகப் பார்த்தால் அகலமாகிவிடுகிறது. மற்றவர்கள் ‘இது முந்தி, அது பிந்தி’ என்று பிரித்துச் சொல்லிவிடும் இடைவெளியிலும், இந்த நோய் உள்ளவர்கள் ‘இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன’ என்கிறார்கள்.

சோதனை எளிமையானது. இருட்டறையில் ஒரு திரை. ஒரு வெளிச்சம் மின்னும், ஒரு ‘பீப்’ ஒலிக்கும். நடுவே உள்ள இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றாக வந்தனவா, தனித்தனியாகவா? பட்டனை அழுத்த வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான தடவை. கேட்கும்போதே கொட்டாவி வரும் சோதனைதான். வெளிச்சத்துக்கும் பீப்புக்கும் பதிலாகப் பேசும் முகத்தையும் குரலையும் வைத்தும் செய்கிறார்கள். இரண்டு வெளிச்சங்கள், இரண்டு சத்தங்கள் என்று ஒரே புலனுக்குள் செய்து பார்த்தாலும் வித்தியாசம் தெரிகிறது.

பேச்சைப் புரிந்துகொள்வதில் இதற்குப் பங்கு உண்டு. நாம் காதால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை, உதட்டையும் படிக்கிறோம். 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் இதை வேடிக்கையாக நிரூபித்தார்கள்: ‘கா’ என்று அசையும் உதட்டின் மேல் ‘பா’ என்ற ஒலியை ஒட்டினால் பலருக்கு ‘டா’ என்று கேட்கும். ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களிடம் இந்த மயக்கம் குறைவாக ஏற்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் அல்ல. இரைச்சலான இடத்தில் உதட்டின் உதவி அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது.

அப்படியானால் அவர்களுக்கு உலகமே மோசமாக டப்பிங் செய்த படம் மாதிரி இருக்குமா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சோதனை காட்டுவது கிட்டத்தட்ட எதிர்த்திசையில். ஜன்னல் அகலமாக இருந்தால் பொருந்தாததுகூடப் பொருந்தியதாகத் தெரியும். தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தெருவில் ஒருவர் இருமுவதும், அதே வேளையில் வீட்டுக்குள் விளக்கு மினுக்குவதும் நமக்கு இரண்டு விஷயங்கள். இரண்டும் சேர்ந்தே வந்தன என்று மூளை எடுத்துக்கொண்டால், ‘இதற்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது’ என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் கிடைக்கிறது. சந்தேகங்கள் இப்படித்தான் முளைக்கின்றன என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்க முயல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “இவ வாய் அசையறது ஒண்ணு, பேச்சு ஒண்ணா வருதுடா” என்றாள். அம்மா உடனே என்னைப் பார்த்த பார்வை உங்களுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டாளா என்கிற பார்வை. நான் எழுந்துபோய் டிவியைப் பார்த்தேன். முந்தின நாள்தான் ப்ளூடூத் ஸ்பீக்கரை மாட்டியிருந்தோம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை பிந்தி வருவது சகஜம். அக்கா சொன்னது அட்சரசுத்தமாக உண்மை. செட்டிங்ஸில் போய்ச் சரிசெய்ததும் பேச்சும் உதடும் பொருந்தின. ஆகவே, நோயாளி எதைச் சொன்னாலும் நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

ஜன்னல் அகலம் என்றால் மூளை மெதுவாகிவிட்டது என்று அர்த்தமா?

இதற்கு நல்ல பதில் பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்து வந்தது. அங்கே ஆன் ஜியெர்ஷ் என்பவரின் குழு வருடக்கணக்காக இதை ஆராய்கிறது. திரையில் இடது பக்கம் ஒரு சதுரம், வலது பக்கம் ஒரு சதுரம். ஒன்று மற்றதைவிட இம்மியளவு முந்தித் தோன்றும். இரண்டும் ஒன்றாகத் தோன்றின என்றால் ஒரு பட்டன், முன்பின்னாக என்றால் இன்னொரு பட்டன்.

இடைவெளி சுமார் 17 மில்லி செகண்ட் மட்டும் இருக்கும்போது, நோய் உள்ளவர், இல்லாதவர் எவருக்குமே வித்தியாசம் தெரியாது. எல்லாரும் ‘ஒன்றாக’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் பட்டனை அழுத்தும் கையைக் கவனித்தால், அது ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. நோய் இல்லாதவர்களின் கை இரண்டாவதாகத் தோன்றிய சதுரத்தின் பக்கம் சாய்ந்தது. ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களின் கை முதலில் தோன்றிய சதுரத்தின் பக்கமே சாய்ந்தது.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். அவர்களின் மூளையும் 17 மில்லி செகண்டைக் கண்டுகொள்கிறது. ஆக, மந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடப்பது வேறு: நம் மூளை ஒன்றைப் பார்த்த கையோடு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது, அடுத்தது என்ன என்று முன்னமே எதிர்பார்த்து நிற்கிறது. அவர்களிடம் அந்த நகர்வு தடைப்படுகிறது. ஒவ்வொரு கணமும் தனித்தனியாக நின்றுபோகும் அனுபவத்தைச் சில நோயாளிகள் தங்கள் சொற்களில் சொல்லியும் இருக்கிறார்கள். யூஜீன் மின்கோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர் 1933-லேயே வாழும் காலம் என்பதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அப்போது மில்லி செகண்டை அளக்க அவரிடம் கருவி இல்லை.

குரல் கேட்பதற்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் பேசும்போது உங்கள் குரல் உங்கள் காதிலும் விழுகிறது. ஆனாலும் யாரோ பேசுகிறார்கள் என்று திடுக்கிடுவதில்லை. காரணம், பேசு என்று வாய்க்குக் கட்டளை போகும்போதே, ‘இப்போது ஒரு சத்தம் வரும், அது நம்முடையதுதான்’ என்று கேட்கும் பகுதிக்கும் ஒரு நகல் போய்விடுகிறது. அதனால் அந்தப் பகுதி அடங்கியே இருக்கும். தலையில் மின்முனைகளை வைத்து அளந்தால், மற்றவர் பேச்சுக்கு எழும் அலை உயரமாகவும், சொந்தப் பேச்சுக்கு எழும் அலை தாழ்வாகவும் இருக்கும்.

அபார்ட்மென்ட் கேட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வருகிறவர் நம்ம ஆள் என்று செக்யூரிட்டிக்கு முன்னாலேயே தகவல் போய்விட்டால் சலாம் வைத்து உள்ளே விடுவார். தகவல் பிந்திவிட்டால், சொந்தத் தம்பியே ஆனாலும் நிறுத்தி, ‘யார் நீங்க, எந்த ஃப்ளாட்’ என்பார்.

ஸ்கிசோஃப்ரீனியாவில் அந்த அலை தாழ வேண்டிய அளவுக்குத் தாழ்வதில்லை என்று அமெரிக்காவில் ஜூடித் ஃபோர்டு, டேனியல் மத்தலோன் இருவரும் காட்டினார்கள். தகவல் போகவே இல்லையா, அல்லது பிந்திப் போகிறதா? 2011-இல் தாமஸ் விட்ஃபோர்டு குழு ஒரு கெட்டிக்காரத்தனமான சோதனை செய்தது. பட்டனை நீங்களே அழுத்துகிறீர்கள், ஒரு சத்தம் கேட்கிறது. நீங்களே வரவழைத்த சத்தம் என்பதால் அலை தாழ வேண்டும். நோயாளிகளிடம் சரியாகத் தாழவில்லை. பிறகு, பட்டன் அழுத்தியதற்கும் சத்தத்துக்கும் நடுவே வேண்டுமென்றே 50 மில்லி செகண்ட் தாமதத்தை நுழைத்தார்கள். இப்போது நோயாளிகளிடமும் அலை மற்றவர்களைப் போலவே தாழ்ந்தது! தகவல் போகத்தான் செய்கிறது. கொஞ்சம் லேட்டாகப் போகிறது என்று இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். மூளையின் முன்பகுதியையும் கேட்கும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு ஒன்று இருக்கிறது. அதன் நிலைக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பு இருப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நாம் மனசுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சும் இதே பாதையைத்தான் பயன்படுத்துகிறது என்றால், சொந்த எண்ணமே வெளியாளின் குரலாகக் கேட்பதற்கு இது ஒரு விளக்கமாகும். முழு விளக்கம் ஆகாது. அந்தக் குரல் ஏன் திட்டுகிறது, ஏன் அது பக்கத்து வீட்டுக்காரரின் குரலாகவே இருக்கிறது என்பதை மில்லி செகண்டுகள் சொல்லாது.

கிச்சுகிச்சு மூட்டும் சோதனையும் உண்டு. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது, முன்கூட்டியே தெரிந்துவிடுவதால். குரல் கேட்பவர்களுக்கும், தன்னை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்று உணர்பவர்களுக்கும், தானே மூட்டினாலும் பிறர் மூட்டினாலும் ஒரே மாதிரிக் கூச்சம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு சாரா-ஜேன் பிளேக்மோர் லண்டனில் செய்தது இது.

“என் கையை வேறு யாரோ அசைக்கிறார்கள்” என்று சொல்கிறார். இதுவும் அதுதானா?

அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டனை நாமே அழுத்தி கால் நொடி கழித்துச் சத்தம் வந்தால், அழுத்தியதும் சத்தமும் உண்மையில் இருந்ததைவிட நெருக்கமாக நடந்ததாக உணர்கிறோம். ‘நான் செய்தேன், அதனால் நடந்தது’ என்ற உணர்வின் அடையாளமாக இதைக் கருதுகிறார்கள். பேட்ரிக் ஹாகர்ட் 2002-இல் கண்டது இது. அடுத்த வருடம் ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களிடம் செய்து பார்த்தபோது, அந்த நெருக்கம் அளவுக்கு மீறிப் போயிருந்தது. செயலும் விளைவும் ஒன்றோடொன்று ஒட்டும் கணக்கு பிசகினால், ‘யார் செய்தது’ என்ற கணக்கும் பிசகக்கூடும்.

மணி என்ன, கிழமை என்ன என்பதே அவருக்குக் குழம்புகிறது. அது இதனாலா?

அது வேறு. நாம் பேசுவது நொடியின் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று அளவில் நடப்பவை. கிழமை குழம்புவதற்குத் தூக்கம் கெடுவது, வேலை இல்லாமல் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிப் போவது, மருந்தின் மயக்கம் என்று பல காரணங்கள் இருக்கும். நொடிக்கணக்கில் நேரத்தை மதிப்பிடச் சொன்னாலும் இவர்களின் பதில்கள் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் வருகின்றன என்பது உண்மைதான். திடீரென்று நாளும் இடமும் தெரியாமல் போனால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு உடல் கோளாறாக இருக்கலாம்.

இந்த நேரப் பிசகு எதனால் வருகிறது?

ஒரே காரணம் என்று கைகாட்ட முடியாது. மூளையில் நரம்பணுக்கள் கூட்டமாக, ஒரே தாளத்தில் இயங்கும். நொடிக்கு 40 தடவை துடிக்கும் காமா அலை அப்படி ஒரு தாளம். நொடிக்கு 40 தடவை சொடுக்கும் சத்தத்தைக் கேட்க வைத்தால் மூளையும் அதற்கு ஈடுகொடுத்துத் துடிக்க வேண்டும். ஸ்கிசோஃப்ரீனியாவில் அந்த ஈடுகொடுத்தல் பலவீனமாக இருப்பதை 1999 முதல் பல குழுக்கள் கண்டிருக்கின்றன. அந்தத் தாளத்தைக் கட்டிக்காப்பவை, மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் ஒருவகை நரம்பணுக்கள். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததில் அவற்றில்தான் மாறுதல்கள் தெரிந்தன.

இன்னொன்று: ஒரே மாதிரி ‘பீப்… பீப்… பீப்’ என்று வரும் சத்தங்களின் நடுவே ஒன்று மட்டும் கொஞ்சம் நீண்டு ஒலித்தால், நாம் கவனிக்காவிட்டாலும் மூளையில் ஓர் அலை எழும். ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானன் 1978-இல் விவரித்தது. ஸ்கிசோஃப்ரீனியாவில் இந்த அலை சிறுத்துப்போகிறது. மருந்து சாப்பிட்டாலும் பெரிதாக மீள்வதில்லை.

மருந்தால்தான் இதெல்லாம் வருகிறதோ?

மாத்திரையை நிறுத்த ஒரு சாக்குத் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது, அவர்களைக் குறை சொல்லவில்லை. மருந்து தூக்கத்தையும் கை வேகத்தையும் பாதிக்கும். அது சோதனையின் பதிலிலும் கொஞ்சம் கலந்துவிடும். ஆனால் மருந்து மட்டும் காரணமென்றால், நோய் வராத, மருந்தே தொடாத சாதாரண ஆட்களிடம் இது தெரியக்கூடாது. விசித்திர எண்ணங்கள், விசித்திரப் புலன் அனுபவங்கள் கொஞ்சம் கூடுதலாக உள்ள கல்லூரி மாணவர்களிடமும் ஜன்னல் சற்று அகலமாக இருந்திருக்கிறது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மந்தமாக இருக்கிறது என்றால் அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபிப்பாரோ என்று பயப்படாதீர்கள்.

இந்தச் சோதனையை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. ஆட்டிசம், எழுத்து வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களிடமும், வயதானவர்களிடமும் ஜன்னல் அகலமாகலாம். ஸ்கிசோஃப்ரீனியா உள்ள பலரின் ஜன்னல் சாதாரண அளவிலேயே இருக்கும். இணையத்தில் ‘உங்கள் மூளை நேரத்தைச் சோதியுங்கள்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு தூரம் நம்பலாம் இந்த ஆராய்ச்சிகளை?

ஜன்னல் அகலம் என்பது பல நாடுகளில், பல குழுக்கள் திரும்பத் திரும்பக் கண்டது. அதை நம்பலாம். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் நோயாளிகள் சில பத்துப் பேர்தான். நூற்றுக்கணக்கான தடவை பட்டன் அழுத்தும்போது கவனம் சிதறினாலே ஜன்னல் அகலமானது போலத் தெரியும். நல்ல குழுக்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, எல்லாரும் எடுப்பதில்லை. ஜன்னல் அகலமானதால் நோயா, நோயால் ஜன்னல் அகலமானதா, இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்றா என்பதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நேரத்தைச் சரிசெய்யும் சிகிச்சை உண்டா?

நேரடியாக இன்று இல்லை. நோய் இல்லாதவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து ஜன்னலைக் குறுக்க முடிந்திருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். அது நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையில் பலன் தருமா என்பது தனிக் கேள்வி.

மருந்துக்கு மசியாத குரல்களுக்கு, தலையின் மேல் இரண்டு பட்டைகளை வைத்து மிக மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை ஒன்று இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் நம் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதைப் பற்றிய ஆய்வுகள் நடந்து வெளியாகியிருக்கின்றன. இதற்கும் ஷாக் ட்ரீட்மென்ட்டுக்கும் சம்பந்தமில்லை. தோலில் சுறுசுறுவென்று இருக்கும், மயக்க மருந்து கிடையாது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அஸ்திவாரம் இன்றும் மருந்துதான், கூடவே குடும்பத்துக்கான ஆலோசனையும் வேலைக்கான மறுவாழ்வுப் பயிற்சியும்.

இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

இங்கே சொல்வதற்கு ஆய்வுச் சான்றைவிட என் அனுபவமே அதிகம். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குக்கர் விசில், டிவியில் சீரியல், வாசலில் தள்ளுவண்டிக்காரர் மைக்கில் கன்னடத்தில் தக்காளி விலை சொல்வது, போனில் மாமா, குறுக்கே அம்மா “இன்னொரு தோசை போடட்டுமா” என்பது. எல்லாம் ஒரே கணத்தில் நடக்கும். அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ரொம்ப நாள் அதைத் திமிர் என்றுதான் வீட்டில் பேசினார்கள். இப்போது சாப்பிடும் நேரத்தில் டிவி கிடையாது. ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர். அவள் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்திருக்கிறாள். பெரிய மருத்துவப் புரட்சி ஒன்றும் இல்லை.

முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். நாம் பொறுமையில்லாமல் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்போம். அவர்களுக்கு அது இரண்டாவது கேள்வி. வீட்டுக்குள் தமிழ், வெளியே கன்னடம், நடுவே இங்கிலீஷ் என்று கலந்து பேசுவது நமக்குப் பழக்கம்தான். முக்கியமான விஷயம் என்றால் அவர்களுக்கு எது தோதான மொழியோ அதிலேயே சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோ காலில் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று வரும். நமக்கே எரிச்சல். ஊரிலிருந்து சித்தி கூப்பிட்டால் சாதாரண வாய்ஸ் கால் போதும். “முகத்தைக் காட்டமாட்டேங்கறாளே” என்று சித்தி வருத்தப்பட்டால் நீங்கள் காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். “உனக்கு மூளையில் டைமிங் தப்பு, அதான் குரல் கேட்குது” என்று அவர்களிடம் விளக்கிக் குரலைத் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் குரல் அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. வாதாடினால் உங்கள் மேல் நம்பிக்கைதான் போகும்.

வண்டி ஓட்டலாமா?

டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். மருந்து தொடங்கிய நாட்களிலும் அளவு மாறும் நாட்களிலும் கட்டாயம் வேண்டாம். சில்க் போர்டு ஜங்ஷன் யாருக்குமே நல்லதில்லை.

பெங்களூரில் யாரிடம் போவது? கன்னடம் தெரியாதே.

ஓசூர் ரோட்டில், டெய்ரி சர்க்கிள் அருகே நிம்ஹான்ஸ். 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-இல் சேர்ந்து உருவானது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து தினமும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ் அங்கே புதிதில்லை. காலையிலேயே போய்ப் பதிவுசெய்யுங்கள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு பவுரிங் அரசு மருத்துவமனை கிட்டே.

நேரில் போகுமுன் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசின் இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழும் இருக்கிறது. தற்கொலைப் பேச்சு, அடிதடி என்று நிலைமை கைமீறினால் 112 அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

ஊரில் கோயிலில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்களே?

சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுக் கும்பிடுவதுதான் சிக்கல். கட்டிப்போடும் எந்த இடத்திலும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த குடிசை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. குரல் கேட்கத் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் நடுவே நாள் கூடக் கூட மீள்வதும் கடினமாகும்.

இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பலாமா?

பிள்ளைக்குச் சம்மதமென்றால் அனுப்பலாம். ஊசியோ மருந்தோ இல்லாத, திரையைப் பார்த்துப் பட்டன் அழுத்தும் சோதனையில் ஆபத்து எதுவும் இல்லை, சலிப்பைத் தவிர. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அல்லது வாசித்து விளக்கச் சொல்லுங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையில் குறை வராது என்பது படிவத்தில் இருக்க வேண்டும். இருட்டறை பிடிக்குமா, மின்முனைத் தொப்பியின் பசை தலைமுடியில் ஒட்டினால் பரவாயில்லையா என்று அவரையே கேளுங்கள். போகவர ஆட்டோ காசு தருவார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்; கேட்பதில் தப்பில்லை, பல ஆய்வுகளில் அதற்குத் தனியாகவே பணம் ஒதுக்கியிருப்பார்கள்.